ஜலகண்டம்

முன் நாளில் குழந்தை பிறந்து ஜாதகம் கணிக்கும்போது, ஜோசியர் கட்டத்தைப் பார்த்துவிட்டுச் சற்றே புருவத்தை நெரித்தாரானால் வீட்டில் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும். "பிரமாதமாக ஒன்றுமில்லை. பன்னிரண்டாம் வயதில் ஒரு ஜலகண்டம் இருக்கிறது. அதைத் தாண்டிவிட்டால் பையன் தீர்க்காயுசு" என்பார். அவ்வளவுதான். அன்று முதல் அந்தப் பிள்ளையைக் குளத்தங்கரைப் பக்கமோ கிணற்றடிப் பக்கமோ தலைகாட்ட விடமாட்டார்கள். ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் நீந்தக் கற்றுக்கொள்ளும்போது, அவன் மட்டும் திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பான்.

இந்தக் காலத்தில் மனிதர்களுக்கு ஜலகண்டம் உண்டோ இல்லையோ, அவர்களுடைய கையிலும் காதிலும் சட்டைப் பையிலும் இருக்கும் சின்னஞ்சிறு மின்சாரக் கருவிகளுக்கு அது நிச்சயமாக உண்டு. செல்போனும், கைக்கடிகாரமும், காது கேட்கும் கருவியும், காமிராவும் கடையிலிருந்து வரும்போதே ஜலகண்டத்தையும் உடன் அழைத்துக்கொண்டு வருகின்றன. அது குளியலறையில் இருக்கலாம். திடீரென்று பெய்யும் மழையில் இருக்கலாம். ஒரு டம்ளர் காப்பியிலும் இருக்கலாம். 2015-ம் வருஷம் டிசம்பர் மாத ஆரம்பத்தில் சென்னை நகரத்துக்குள் வெள்ளம் புகுந்தபோதும், 2023-ம் வருஷம் டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும், எத்தனையோ வீடுகளில் மனிதர்கள் மாடிக்கு ஏறித் தப்பினார்கள். அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த கருவிகளுக்குத்தான் மாடிப்படி ஏறத் தெரியவில்லை.

வெள்ளம் வரையில் போவானேன்? என் வீட்டில் ஒரு வாளித் தண்ணீரே போதுமானதாயிருந்தது.

*

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்த என் அத்தை, சோப்புத் தூள் கரைத்த வாளியில் துணி நனைத்துக்கொண்டிருந்தாள். செல்போன் வழக்கம்போல் அவள் இடுப்பில் செருகியிருந்தது. குனிந்தாள். 'தொபுக்' என்று ஒரு சத்தம் கேட்டது. "ஐயையோ!" என்ற கூக்குரல் அதைத் தொடர்ந்து வந்தது. நான் ஓடிப்போய் வாளிக்குள் கையை விட்டு எடுத்தேன். அரை நிமிஷங்கூட ஆகியிராது.

உடனே கூடத்தில் ஒரு வைத்திய சபை கூடிவிட்டது. "அரிசிப் பானைக்குள் புதைத்து வையுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்றார் அடுத்த வீட்டு அம்மாள். "எங்கள் வீட்டு ஹேர் டிரையரைக் கொண்டு வரட்டுமா?" என்று கேட்டாள் அவருடைய பெண். "மழை நாளில் வெயிலுக்கு எங்கே போவது? அடுப்பு மேடையில் வைத்தால் சூட்டில் காய்ந்துவிடும்" என்றாள் என் மனைவி. பலமாக உதறினால் தண்ணீர் வெளியே வந்துவிடும் என்று சொன்ன என் பையன், அப்படியே உதறியும் காட்டினான்.

நான் குடும்பத் தலைவன் அல்லவா? கடைசித் தீர்ப்பு என்னுடையதாகத்தானே இருக்கவேண்டும்? "எல்லாம் இருக்கட்டும். முதலில் அது வேலை செய்கிறதா என்று பார்ப்போமே!" என்றேன்.

துண்டால் நன்றாகத் துடைத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். திரை பளிச்சென்று ஒளிவிட்டது. எல்லோருக்கும் ஒரே குதூகலம். அத்தை பூஜை அறைப் பக்கம் திரும்பிக் கைகூப்பினாள். நான் அந்தச் செல்போனிலிருந்து என்னுடைய செல்போனுக்குக் கூப்பிட்டுப் பார்த்தேன், மணி அடித்தது. 'இவ்வளவு பெரிய சபை கூடியிருக்கவே வேண்டியதில்லை' என்று நான் எண்ணிக்கொண்டிருக்கும்போதே, திரை காற்றில் அகப்பட்ட அகல் விளக்கைப்போல் இரண்டு தடவை துடித்துவிட்டு அணைந்துபோயிற்று. மறுபடி அழுத்தினேன். இன்னும் ஒரு தடவை அழுத்தினேன். ஒருவேளை பாட்டரியில் மின்சாரம் தீர்ந்திருக்குமோ என்று சார்ஜரிலும் மாட்டினேன். ஒன்றும் பலிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அரிசிப் பானை. இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்தபோது செல்போன் பிழைத்திருக்கவில்லை; அரிசியில் சோப்பு வாசனை மட்டும் வந்தது.

"போனால் போகிறது, அத்தை! புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன்" என்றேன்.

அத்தை சற்று நேரம் பேசாமலிருந்தாள். பிறகு, "போன் போனால் போகட்டும்டா! அதில் அவருடைய குரல் இருக்கிறதே!" என்றாள்.

என் மாமா காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. செல்போனில் எழுத்துக்களைத் தொட்டுத் தொட்டுச் செய்தி எழுதுவதற்கு அவருக்குப் பொறுமை கிடையாது. கடைக்குப் போனாலும், வெளியூர் போனாலும், சொல்ல வேண்டியதை வாயால் சொல்லிக் குரல் செய்தியாகவே அத்தைக்கு அனுப்பிவிடுவார். அவற்றை அத்தை அழிக்காமல் வைத்திருந்தாள் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.

*

எங்கள் பேட்டையில் ஒரு சந்துக்குள் செல்போன் பழுது பார்க்கும் கடை ஒன்று இருக்கிறது. கடை என்பதைவிட ஒரு பெரிய பீரோ என்று சொல்லலாம். அதற்குள் ஒரு வாலிபர் பூதக்கண்ணாடியும் பற்றவைக்கும் கோலுமாக உட்கார்ந்திருப்பார். அவர் செல்போனைத் திறந்து, உள்ளே ஒட்டியிருந்த ஒரு சிறு துண்டுக் காகிதத்தை எனக்குக் காட்டினார். கருவி செய்கிறவர்கள் அதை வெள்ளையாக ஒட்டியனுப்புகிறார்கள். தண்ணீர் பட்டால் அது சிவந்துவிடும். இது குங்குமமாய்ச் சிவந்திருந்தது. பிறகு மதர்போர்டை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து, "பாருங்கள், சார்!" என்றார். பார்த்தேன். புளி போட்டு விளக்காத செப்புக் குடத்தில் பிடிக்குமே, அந்தப் பச்சைக் களிம்பு அங்கங்கே பூத்திருந்தது.

"விழுந்தவுடனே அணைத்தீர்களா, சார்?" என்று கேட்டார்.

"இல்லை, போட்டுப் பார்த்தோம்" என்றேன்.

"சார்ஜரில் மாட்டினீர்களா?"

நான் கடையின் மேல்தளத்தைச் சிரத்தையுடன் பார்க்க ஆரம்பித்தேன்.

"தண்ணீர் இதைக் கெடுக்கவில்லை, சார். தண்ணீரோடு கூட மின்சாரத்தையும் கொடுத்தோம் பாருங்கள், அதுதான் கெடுத்தது" என்றார். 'கொடுத்தீர்கள்' என்று சொல்லாமல் 'கொடுத்தோம்' என்று சொன்ன அவருடைய மரியாதையை நான் மறக்கமாட்டேன்.

*

அவர் சொன்னதன் தாத்பரியத்தைப் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். 1800-ம் வருஷத்தில் இத்தாலிய விஞ்ஞானி வோல்ட்டா, தாம் கண்டுபிடித்த பாட்டரியைப் பற்றி வெளியிட்டார். சில வாரங்களுக்குள் லண்டனில் நிக்கல்ஸன், கார்லைல் என்ற இருவர் அம்மாதிரி ஒன்றைச் செய்து, அதன் இரண்டு கம்பிகளையும் தண்ணீரில் விட்டுப் பார்த்தார்கள். ஒரு கம்பியில் ஹைட்ரஜன் வாயு குமிழியிட்டது. மற்றப் பித்தளைக் கம்பியோ நிறம் மாறிக் கெட்டுப்போயிற்று. மின்சாரத்தினால் தண்ணீரைப் பிரிக்கலாம் என்பது இப்படித்தான் தெரிய வந்தது. அதற்கு 1.23 வோல்ட் இருந்தாலே ஆரம்பம் ஆகிவிடும் என்பது பிற்காலத்தார் கண்ட கணக்கு. நம் செல்போனில் இருக்கும் லித்தியம் பாட்டரியோ 3.7 வோல்ட் உள்ளது. ஆகவே, தண்ணீரில் விழுந்த செல்போனைப் 'போட்டுப் பார்க்கிற' ஒவ்வொருவரும், லண்டனில் நடந்த அந்தப் பரிசோதனையைத் தம் சொந்தச் செலவில் இன்னொரு முறை நடத்துகிறார்.

சுத்தமான தண்ணீரில் மின்சாரம் வெகு சொற்பமாகத்தான் பாயும். ஆனால் சுத்தமான தண்ணீர் யார் வீட்டு வாளியில் இருக்கிறது? கிணற்றுத் தண்ணீரிலும் குழாய்த் தண்ணீரிலும் உப்புக்கள் கரைந்திருக்கின்றன. சோப்புத் தண்ணீரில் இன்னும் அதிகம். கடல் தண்ணீரிலோ லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. செல்போனுக்குள் இருக்கும் பலகையில், மின்சாரம் ஓடும் செப்புத் தடங்கள் தலைமயிர் கனத்துக்கு இடைவெளி விட்டு நெருக்கமாக அமைந்திருக்கின்றன. அந்த இடைவெளியில் உப்புத் தண்ணீர் நின்று, மின்சாரமும் ஓடினால், ஒரு பக்கத்துச் செம்பு கரைந்து எதிர்ப் பக்கத்தில் போய்ப் படிகிறது. முலாம் பூசும் பட்டறையில் நடக்கும் வேலையேதான் இது. படிகிற உலோகம் மரக்கிளைபோல் வளர்ந்து, ஒரு தடத்துக்கும் மற்றொரு தடத்துக்கும் பாலம் போட்டுவிடுகிறது. அப்புறம் மின்சாரம் போகக்கூடாத வழியில் போகிறது. இவ்வளவும் நடப்பதற்குச் சில நிமிஷம் போதும்.

மின்சாரம் இல்லாவிட்டால்? அப்போதும் தண்ணீர் துருவையும் களிம்பையும் உண்டாக்காமல் போகாது. ஆனால் அது மெள்ள நடக்கிற காரியம். தண்ணீர் மட்டுமானால் நமக்குச் சற்று அவகாசம் கொடுக்கும். தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்தால் அவகாசம் கொடுக்கிற வழக்கமே கிடையாது. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், மற்றதெல்லாம் தானே விளங்கிவிடும்.

*

ஆகையால், நேயர்களே, வீட்டில் யாருடைய கருவியாவது தண்ணீரில் விழுந்தால் செய்ய வேண்டியது என்னவென்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதற் காரியம், அணைப்பது. அணைந்திருந்தால் அணைந்தபடியே விட்டுவிடுவது. சார்ஜரில் மாட்டியிருக்கும்போது நனைந்துவிட்டதானால், சுவரில் உள்ள ஸ்விட்சை முதலில் அணைத்துவிட்டுத்தான் அதைத் தொடவேண்டும். இந்தக் காலத்துச் செல்போன்கள் பலவற்றில், பக்கத்துப் பொத்தானை மட்டும் அழுத்திப் பிடித்தால் அது அணைவதில்லை; "தங்களுக்கு என்ன வேண்டும்?" என்று உபசாரம் செய்கிறது. சத்தத்தைக் கூட்டும் பொத்தானையும் சேர்த்து அழுத்தவேண்டியிருக்கும். இது செல்போனுக்குச் செல்போன் மாறுபடும். தண்ணீரில் விழுந்த பிறகு இதைக் கற்றுக்கொள்வதைவிட இன்றைக்கே கற்றுக்கொள்வது நலம்.

இரண்டாவது, பாட்டரியைக் கழற்ற முடிந்த கருவியானால் கழற்றிவிடவேண்டும். சிம் கார்டையும், தனியாகச் செருகிய மெமரி கார்டு இருந்தால் அதையும் எடுத்துத் துடைத்து நிழலில் வைக்கவேண்டும். மெமரி கார்டில் சுழல்கிற உறுப்பு எதுவும் கிடையாது. நன்றாகக் காய்ந்துவிட்டால் அதில் உள்ள படங்கள் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும்.

மூன்றாவது, விழுந்தது கடல் தண்ணீரிலோ, காப்பியிலோ, சோப்புத் தண்ணீரிலோ ஆனால், அணைத்தபிறகு சுத்தமான தண்ணீரை வெளிப்புறத்தில் இலேசாக விட்டு அலம்பித் துடைக்கவேண்டும். 'நனைந்ததை இன்னும் நனைப்பதா?' என்று தோன்றும். ஆனால் தண்ணீர் காய்ந்துவிடும். உப்பும் சர்க்கரையும் காயாமல் உள்ளேயே தங்கிவிடும்.

நான்காவது, துளைகள் கீழ்ப்பக்கம் இருக்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டி, மின்விசிறியின் கீழே நிழலில் வைக்கவேண்டும். குறைந்தது இரண்டு நாள் அதைத் திரும்பிப் பார்க்கக்கூடாது. பலமாக உதறினால் வாசலில் நிற்கும் தண்ணீரை உள்ளறைக்கு அழைத்துப்போவது போலாகும். ஹேர் டிரையரும் அடுப்பு மேடையும் வேண்டாம். உள்ளே ஒட்டியிருக்கும் பசைகள் சூட்டில் இளகும். லித்தியம் பாட்டரிக்கு அதிகச் சூடு ஆகவே ஆகாது.

அரிசியைப் பற்றி ஒரு வார்த்தை. அரிசிக்குத் தண்ணீரை உறிஞ்சும் குணம் உண்டு என்பது வாஸ்தவம். ஆனால் நம் வீட்டுப் பானையில் இருக்கும் அரிசி, காற்றிலிருந்து உறிஞ்ச வேண்டியதை முன்பே உறிஞ்சிவிட்டது. காய்ந்த அரிசி என்று நாம் சொல்வதிலேயே நூற்றுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று பங்கு ஈரம் இருக்கிறது. அதற்கு மேல் ஒரு சில்லின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் நீர்த்துளியைப் போய் எடுத்துவர அதனால் ஆகாது. தவிடும் குறுநொய்யும் துளைகளை அடைத்துக்கொள்வதுதான் மிச்சம். ஆப்பிள் கம்பெனியாரே தங்கள் செல்போனை அரிசியில் போடவேண்டாம் என்று எழுதி வெளியிட்டிருக்கிறார்கள். புதுச் செருப்புப் பெட்டியிலும் மருந்துப் புட்டியிலும் வரும் ஸிலிகா ஜெல் பொட்டணங்கள் எவ்வளவோ மேல். அவற்றை மூடின டப்பாவில் சேர்த்து வைத்திருந்தால் சமயத்தில் உதவும்.

ஐந்தாவது, எச்சரிக்கை. நனைந்த பாட்டரி உப்பினாலும், சூடேறினாலும், இனிப்பு வாசனை போல ஏதாவது வந்தாலும், அதைக் குத்துவதோ அழுத்துவதோ கூடாது. மர மேஜை, மெத்தை முதலியவற்றுக்கு அருகில் வைக்காமல், வெளியே சிமிண்டுத் தரையில் வைத்துவிட்டுத் தெரிந்தவர்களைக் கூப்பிடவேண்டும். அது தீப்பிடிக்கக்கூடிய வஸ்து. குப்பைத் தொட்டியில் எறியாமல், மின்னணுக் கழிவு சேகரிக்கிறவர்களிடந்தான் கொடுக்கவேண்டும்.

வயதானவர்கள் அணியும் காது கேட்கும் கருவிக்கும் இதே விதிகள்தான். பாட்டரிக் கதவைத் திறந்து, பாட்டரியை எடுத்துவிட்டு, கதவு திறந்தபடியே ஸிலிகா ஜெல் உள்ள டப்பாவில் ஓர் இரவு வைக்கவேண்டும். மழை நாளில் நனையாமலிருந்தாலும், வியர்வைக்காக இப்படிச் செய்வது நல்லது.

"எங்கள் செல்போன் தண்ணீர் புகாதது. ஐ.பி. 68 என்று போட்டிருக்கிறதே!" என்று சிலர் கேட்கலாம். ஐ.பி. 67 என்றால், ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிஷம் தாங்கியது என்று அர்த்தம். 68 என்றால் அதற்கும் மேலே, செய்தவர் குறிப்பிட்ட அளவுக்குத் தாங்கியது என்று அர்த்தம். இரண்டும் புதிய கருவியை நல்ல தண்ணீரில் வைத்துப் பார்த்த பரிசோதனை. சோப்புத் தண்ணீருக்கும், கடலுக்கும், இரண்டு தடவை தரையில் விழுந்து எழுந்த பழைய செல்போனுக்கும் அந்த எண்கள் ஜாமீன் நிற்பதில்லை.

கடைசியாக ஒன்று. கருவியைவிட அதற்குள் இருப்பது முக்கியமானால், இரண்டு நாள் காத்திருப்பதுங்கூட வேண்டாம். அணைத்த கையோடு, பழுது பார்க்கத் தெரிந்தவரிடம் அன்றே கொடுத்துவிடவேண்டும்.

*

சந்துக் கடை வாலிபரிடம், "செல்போன் பிழைக்கவேண்டாம். நினைவுச் சில்லை மட்டும் பெயர்த்து எடுத்து வேறொன்றில் வைக்க முடியாதா?" என்று கேட்டேன். முடியாது என்றார். இந்தக் காலத்துச் செல்போன்களில் உள்ளே பதிவதெல்லாம் சங்கேத லிபியில் பதிகிறது. அதைப் படிப்பதற்குரிய திறவுகோல், அதே பலகையில் மற்றொரு சில்லுக்குள் பூட்டிக் கிடக்கிறது. ஆகவே, பலகை ஒரு மணி நேரமாவது உயிர்பெற்று எழுந்தால்தான் குரல் கிடைக்கும்.

நான்கு நாள் பாடுபட்டார். பலகையைத் தனியே கழற்றி, சீக்கிரத்தில் ஆவியாகும் ஐஸோப்ரொப்பைல் ஆல்கஹாலில் கழுவினார். மெல்லிய தூரிகையால் களிம்பைத் துலக்கினார். அரித்துப்போன கடுகளவு உறுப்புக்கள் சிலவற்றை எடுத்துவிட்டு வேறு வைத்தார். இதெல்லாம் வீட்டில் செய்யத்தக்க காரியம் அல்ல; அந்த ஆல்கஹால் எளிதில் தீப்பற்றக்கூடியது. நான்காம் நாள் மாலை வேறொரு பாட்டரியை இணைத்தபோது திரை மங்கலாக எரிந்தது. அத்தை நடுங்கும் விரலால் தன் இரகசிய எண்ணைப் போட்டாள். அவர் மளமளவென்று எல்லாவற்றையும் வேறிடத்தில் பிரதி எடுத்தார். மறுநாள் அந்தச் செல்போன் நிரந்தரமாகவே அணைந்துவிட்டது. ஆனால் அதற்குள் அது தன் கடமையைச் செய்து முடித்துவிட்டது.

அன்றிரவு கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து மாமாவின் குரலைக் கேட்டோம். அதில் உபதேசமோ தத்துவமோ ஒன்றும் இல்லை. "பஸ் கிடைத்துவிட்டது. சாதம் வைத்துவிடு." "மூக்குக் கண்ணாடியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேனா, பார்." "கத்தரிக்காய் நல்ல பிஞ்சாக இருக்கிறது. வாங்கட்டுமா?"

"வாங்கிக்கொண்டு வாருங்கள்" என்று அத்தை தன்னை மறந்து பதில் சொல்லிவிட்டாள். எங்களில் ஒருவரும் சிறிது நேரம் வாயைத் திறக்கவில்லை.

எனக்கு அப்போது தோன்றியது இதுதான். அந்த வாலிபர் கெட்டிக்காரராயிருந்ததால் தப்பினோம். நான் 'பார்ப்போமே' என்று சொல்லாமலிருந்தால் அவருக்கு அவ்வளவு சிரமமே இருந்திராது. அந்தக் குரலை முன்பே இன்னோர் இடத்தில் பிரதி எடுத்து வைத்திருந்தால், வாளியில் விழுந்தது வெறும் செல்போனாக மட்டுமே இருந்திருக்கும்.

ஜாதகத்தில் ஜலகண்டம் இருந்தால் ஜோசியர் பரிகாரம் சொல்லாமல் போகமாட்டார். நான் சொல்லும் பரிகாரம் இரண்டே. நனைந்தால் உடனே அணையுங்கள். எவ்வளவு ஆசையாயிருந்தாலும் போட்டுப் பார்க்காதீர்கள். மற்றொன்றுக்கு நனையும் வரையில் காத்திருக்கவே வேண்டாம். இந்தப் பத்திரிகையை மூடி வைத்ததும், உங்கள் வீட்டில் யாருடைய செல்போனில் யாருடைய குரல் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கு ஒரு பிரதி எடுத்துவிடுங்கள்.